ஏஐ ஏஜெண்டுக்கான எடிட்டிங் டூல்: எப்போது மறுக்கும் என்பதை முதலில் எழுதுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் குழு ஏஐ ஏஜெண்டுக்கென்று (மொழி மாடல் ஒன்று தானே டூல்களைக் கூப்பிட்டு வேலை செய்யும் புரோகிராம்) ஒரு கோட் எடிட்டிங் டூல் எழுதியிருக்கிறது. ஃபைலைப் படிக்கும், கொடுத்த பழைய வரிகளைத் தேடி அந்த இடத்தில் புதிய வரிகளை வைக்கும், ஏதாவது சரியில்லை என்றால் எழுதாமல் விட்டுவிடும். அதற்கு ஆவணம் எழுதும் வேலை இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ரீட்மீ (புராஜெக்டோடு வரும் அறிமுக ஃபைல்) ஒன்று போதுமா, வேறு என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

ரீட்மீ போதாது. இந்த டூலைப் பயன்படுத்தப்போகிற மாடல் பெரும்பாலும் அதைத் திறந்துகூடப் பார்க்காது. அதன் கண்ணில் படுவது டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), அப்புறம் டூலைக் கூப்பிட்டபின் திரும்பி வருகிற செய்தி, அவ்வளவுதான். ரீட்மீயைப் படிப்பது மனிதர்கள்: இந்த டூலைத் தன் ரெப்போவுக்குள் (கோட் இருக்கும் களஞ்சியத்துக்குள்) விடலாமா என்று முடிவு செய்கிறவர் ஒருவர், ஏதோ உடைந்தபின் என்ன நடந்தது என்று தேடுகிறவர் இன்னொருவர். இவர்களுக்கு எழுதும் முறை வேறு, மாடலுக்கு எழுதும் முறை வேறு. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது: இந்த டூல் எப்போதெல்லாம் மறுக்கும், மறுத்தபின் ஃபைல் எந்த நிலையில் இருக்கும்? ஆவணத்தை இந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டுங்கள். டூல் என்னென்ன செய்யும் என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள், ஸ்கீமாவிலிருந்தே பாதி தெரிந்துவிடும். மறுப்பு மட்டும் கோடை எழுதினவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று காட்டுகிறேன். லாரி வால் 1985-இல் வெளியிட்ட பேட்ச் என்ற புரோகிராம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு டிஃப்பில் (பழைய, புதிய ஃபைல்களுக்கு இடையிலான மாற்றங்களின் பட்டியல்) ஐந்து துண்டுகள் இருந்து அதில் இரண்டு பொருந்தவில்லை என்றால், பொருந்திய மூன்றை எழுதிவிட்டு, பொருந்தாததைத் தனியாக ஒரு 'ரிஜெக்ட்' ஃபைலில் போட்டுவிடும். அதோடு, சுற்றியுள்ள வரிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் 'ஃபஸ்' என்ற தளர்வை வைத்துப் பொருத்தப் பார்க்கும், பொருந்திவிட்டால் வெற்றி என்றே முடிக்கும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு 'இத்தனை ஃபஸ்ஸுடன் பொருந்தியது' என்ற வரி கண்ணில் படும், சரிதானா என்று போய்ப் பார்ப்பார். எக்ஸிட் கோட் (புரோகிராம் முடியும்போது தரும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) பூஜ்யமா இல்லையா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு அந்த வரி தெரியவே தெரியாது. கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் டூலில் இதே வேலையைச் செய்யும் 'கிட் அப்ளை' வேறு வழியில் போகிறது. ஒரு துண்டு பொருந்தவில்லை என்றாலும் முழுப் பேட்சையும் நிராகரித்துவிடும், உங்கள் ஃபைல்களைத் தொடாது. அதன் மேனுவலில் 'ரிஜெக்ட்' ஆப்ஷனை விளக்கும் இடத்தில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் எத்தனையோ பேர் அதன்மேல் ஆட்டோமேஷன் கட்டுகிறார்கள். உங்கள் ஆவணத்தில் ஒவ்வொரு எரருக்கும் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் வேண்டும்: ஃபைல் மாறவில்லை, அல்லது பாதி மாறியிருக்கலாம், அல்லது தெரியாது. 'தெரியாது' என்று எழுத வேண்டியிருந்தால் ஆவணத்தை நிறுத்திவிட்டு முதலில் டூலைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, மாடலுக்கான விளக்கம். பழைய வரிகளைக் கொடுத்துப் புதிய வரிகளை வைக்கும் முறையைத்தான் இன்று பெரும்பாலான ஏஜெண்ட் டூல்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக்கின் டெக்ஸ்ட் எடிட்டர் டூலில் பழைய வரி அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்த வேண்டும். ஓப்பன்ஏஐயின் பேட்ச் வடிவம் வரி எண்ணையே கேட்காமல் சுற்றியுள்ள வரிகளை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. எய்டர் என்ற ஓப்பன் சோர்ஸ் டூல் 2023 டிசம்பரில் மாடலை யூனிஃபைட் டிஃப் வடிவில் எழுதச் சொன்னபோதும் வரி எண்களை எடுத்துவிட்டது. எல்லோரும் ஒரே திசையில் போவதற்குக் காரணம், மாடலுக்கு வரி எண் கணக்கு அவ்வளவு சரியாக வராது. 118-ஆவது வரி என்று நினைத்து 116-ஐ மாற்றிவிடும், டூலும் எந்தக் கேள்வியும் கேட்காமல் எழுதிவிடும். வரியின் உள்ளடக்கத்தைக் கொடுக்கச் சொன்னால் தப்பு நடக்கும் இடத்தில் பொருத்தமே கிடைக்காது, எடிட் நடக்காமல் நின்றுவிடும். பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஒரு தேர்விலேயே வந்துவிடுகிறது. அதனால் ஏன் வரி எண் இல்லை என்பதை விளக்கத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வசதிக்காக அந்தப் பாராமீட்டரைச் சேர்த்துவிடுவார்கள்.

'எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். உங்கள் டூல் ஃபைலைக் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண் போட்டுக் காட்டினால், மாடல் அந்த எண்ணையும் சேர்த்துக் காப்பியடித்துப் பழைய வரி என்று அனுப்பும். ஆந்த்ரோபிக்கின் கோடிங் ஏஜெண்டான கிளாட் கோடின் எடிட் டூல் விளக்கத்தில் இதற்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கை இருக்கிறது: எண்ணும் அதற்குப் பின்னுள்ள டேபும் ஃபைலில் இல்லை, அதற்கு அப்பால் இருப்பதுதான் ஃபைல் என்று. இதே அளவு நுணுக்கமாக நீங்களும் எழுத வேண்டும். மேக்ஃபைலில் (புரோகிராமைக் கட்டும் கட்டளைகள் உள்ள ஃபைல்) கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும். பைத்தானில் இடைவெளி மாறினால் கோடின் அர்த்தமே மாறும். ஆகவே 'இடைவெளி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் பொருத்துவோம்' என்று டூலில் ஒரு சலுகை வைத்திருந்தால், எந்த மொழி ஃபைல்களுக்கு அந்தச் சலுகை, புதிய வரிகளின் இண்டெண்டேஷனை (வரித் தொடக்க இடைவெளியை) யார் முடிவு செய்வது என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தச் சலுகையே வேண்டாம். பொருந்தாதபோது கிட்டத்தட்டப் பொருந்தும் இடத்தைக் காட்டிவிட்டு எழுதாமல் நிறுத்துங்கள், மாடல் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பும்.

வரி முடிவு இன்னொன்று. விண்டோஸில் எழுதிய ஃபைலில் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள் இருக்கும், லினக்ஸில் ஒன்று. மாடல் பெரும்பாலும் ஒற்றை எழுத்தைத்தான் அனுப்பும். டூல் ஃபைலின் பழக்கத்தை அப்படியே காப்பாற்றுமா, கலந்துகிடக்கும் ஃபைலை என்ன செய்யும், கடைசி வரிக்குப் பின் நியூலைன் இல்லாத ஃபைலில் தானாகச் சேர்க்குமா என்பதை எழுதுங்கள். எழுதாமல் விட்டால், ஒரு வரி மாற்றம் முழு ஃபைலும் மாறியதாக கிட் டிஃப்பில் வந்து நிற்கும், கோட் ரிவ்யூ செய்கிறவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவ் கொடுத்துவிடுவார்.

தமிழ் மெசேஜ் ஃபைல்கள், மொழிபெயர்ப்பு ஜேசான் ஃபைல்கள் உங்கள் ரெப்போவில் இருந்தால் இதையும் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே கோட்பாயிண்டாக (யூனிகோட் தரும் குறியீட்டு எண்) வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு கோட்பாயிண்டாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட் அளவில் வேறு. ஃபைலில் ஒரு வடிவமும் மாடல் அனுப்பியதில் மற்ற வடிவமும் இருந்தால் 'பொருந்தவில்லை' என்று வரும், லாகை (நடந்தவற்றின் பதிவை) பார்க்கும் மனிதருக்குக் கண்ணெதிரே பொருந்துவதாகவே தெரியும், தலை சுற்றிவிடும். டூல் நார்மலைஸ் செய்து (இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து) பொருத்துகிறதா? செய்தால், எழுதும்போது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுகிறதா, ஃபைல் முழுவதையும் நார்மலைஸ் செய்துவிடுகிறதா? முதலாவது சரி, இரண்டாவது விபத்து. எந்தப் பக்கம் என்று ஆவணம் சொல்ல வேண்டும்.

எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கோட்பாயிண்ட் கணக்கில் 5, யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 15. எடிட்டர்கள் கோட் பற்றிய தகவலைக் கேட்டு வாங்கும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் இயல்பாக யூடிஎஃப்-16 கணக்கில் இடத்தைச் சொல்லும், 3.17 பதிப்பில்தான் வேறு கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. உங்கள் டூல் எங்காவது 'இந்த வரியில் இத்தனையாவது எழுத்து' என்று வாங்கினால் எந்தக் கணக்கு என்று எழுதாமல் விடுவது ஆபத்து, ஆங்கில ஃபைலில் எல்லா டெஸ்டும் பாஸாகி, தமிழ் ஃபைலில்தான் முதல் அடி விழும்.

பழைய தகவலை வைத்து எடிட் செய்வது அடுத்த பெரிய விஷயம். மாடல் ஒரு ஃபைலைப் படிக்கிறது, அப்புறம் பத்து வேலை பார்க்கிறது, அதற்குள் ஃபார்மேட்டர் ஓடியிருக்கலாம், நீங்களே எடிட்டரில் இரண்டு வரி மாற்றியிருக்கலாம், இன்னொரு ஏஜெண்ட் கைவைத்திருக்கலாம். இதற்கு நல்ல வழி, படிக்கும்போது ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பை) கொடுத்துவிட்டு, எழுதும்போது அதைத் திரும்பக் கேட்பது. வலையின் எச்டிடிபியில் ஈடேக் என்ற அடையாளத்தைக் கொடுத்து, இஃப்-மேட்சில் அதைத் திரும்ப வாங்கி, ஒத்துப்போகாவிட்டால் 412 என்ற எரரோடு மறுப்பது என்று பல காலமாக நடப்பது இதுதான். படிக்காத ஃபைலை எடிட் செய்யவே விடக்கூடாது என்ற விதியும் இதோடு சேர்ந்தது. ஆவணத்தில் நீங்கள் குறிப்பாகச் சொல்ல வேண்டியது, ஹேஷைச் சரிபார்த்த நொடிக்கும் எழுதி முடித்த நொடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பது. ஃபைலுக்கு லாக் (பூட்டு) எடுத்துவிட்டுத்தான் சரிபார்க்கிறோம் என்றால் அப்படிச் சொல்லுங்கள், அந்த லாக்கை மதிக்காத மற்ற புரோகிராம்கள் நடுவே நுழையலாம் என்பதையும் சொல்லுங்கள்.

எழுதும் முறைக்கு வருவோம். தற்காலிக ஃபைலில் எழுதி, டிஸ்க்குக்குத் தள்ளி, பிறகு ரீநேம் செய்வது வழக்கமான நல்ல முறை. லினக்ஸில் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ரீநேம் அணுவளவும் பிளவில்லாமல் நடக்கும், நடுவில் யார் திறந்தாலும் பழைய ஃபைலோ புதிய ஃபைலோ முழுதாகக் கிடைக்கும். வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு ரீநேம் செய்யவே முடியாது, அதனால் தற்காலிக ஃபைல் அதே டைரக்டரியில் இருக்க வேண்டும். ஆனால் இந்த முறைக்குப் பக்கவிளைவு உண்டு. புதிய ஃபைல் என்பதால் பழைய ஃபைலின் எக்ஸிக்யூட் அனுமதி போய்விடலாம், ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இருக்கும் இன்னொரு பெயர்) அறுந்துவிடும், அந்தப் பெயரில் இருந்தது சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறிப்பு) என்றால் லிங்க் போய் சாதாரண ஃபைல் வந்து உட்கார்ந்துவிடும். 'அட்டாமிக்காக எழுதுகிறோம்' என்று பெருமையாக ஒரு வரி போட்டுவிட்டு இதைச் சொல்லாத ஆவணங்கள் நிறைய உண்டு. டிப்ளாய் ஸ்கிரிப்ட் ஓடாமல் நின்றபின் காரணம் தேடுகிறவருக்கு அந்தப் பக்கவிளைவு வரிதான் உதவும்.

'பாதுகாப்பானது' என்ற சொல்லை ஆவணத்தில் எங்கேயும் தனியாக விடாதீர்கள். எதிலிருந்து, யாருக்கு, எந்த எல்லைவரை என்று சேர்த்தே எழுதுங்கள். ரெப்போவுக்கு வெளியே எழுத மாட்டோம் என்றால், பாத்தில் இரட்டைப் புள்ளி (மேல் டைரக்டரிக்குப் போ என்று பொருள்) வந்தால் என்ன ஆகும், ரெப்போவுக்குள்ளிருந்து வெளியே சுட்டும் சிம்லிங்க் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லுங்கள். ரிலேட்டிவ் பாத்தை (இப்போதிருக்கும் டைரக்டரியிலிருந்து தொடங்கிச் சொல்லும் பாத்தை) ஏற்கிறீர்களா என்பதும் முக்கியம். ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதிய ஏஜெண்ட் கட்டுரையிலேயே, ஏஜெண்ட் வேறு டைரக்டரிக்குப் போனபின் ரிலேட்டிவ் பாத்தில் தடுமாறியது, எப்போதும் முழு பாத்தே வேண்டும் என்று டூலை மாற்றியதும் அந்தத் தவறு நின்றது என்று சொல்லியிருந்தார்கள். விளக்கத்தில் 'முழு பாத் கொடு' என்று வேண்டிக்கொள்வதோடு நிறுத்தாமல், வேறு விதமாக வந்தால் டூல் மறுக்கவே மறுக்கட்டும்.

பெரும்பாலான ஆவணங்களில் விட்டுப்போகும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எடிட் மட்டும்தானே, எதையும் ஓட்டவில்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கிட்டின் ஹூக் ஃபைலில் (கமிட் போன்ற நேரங்களில் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஒரு வரி சேர்த்தால் அடுத்த கமிட்டின்போது அது உங்கள் மெஷினில் ஓடும். சிஐ பைப்லைன் ஃபைல், மேக்ஃபைல், என்பிஎம் பேக்கேஜ் ஃபைலில் உள்ள போஸ்ட்இன்ஸ்டால், பைடெஸ்ட் தானாக எடுத்துக்கொள்ளும் கான்ஃப்டெஸ்ட் என்று எத்தனையோ ஃபைல்களில் எழுதுவது என்பதே பிறகு ஓட்டுவது. இவற்றில் எதை டூல் மறுக்கிறது, எதற்கு மனித அனுமதி கேட்கிறது, எதை அப்படியே விடுகிறது என்று ஃபைல் பாட்டர்னோடு எழுதுங்கள். ஏஜெண்டிடம் இந்த டூலோடு கட்டளைகளை ஓட்டும் ஷெல் டூலும் இருந்தால் உங்கள் தடைகள் எல்லாவற்றையும், ஃபைலின் வரிகளை மாற்றும் 'செட்' (sed) என்ற ஒரே கட்டளையில் தாண்டிவிடலாம், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ரெப்போவில் அனுமதி கொடுக்கப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அது. ஃபைலின் கமெண்டிலேயே 'ஏஜெண்டே, இதைச் செய்' என்று யாராவது எழுதி வைத்திருந்தால் மாடல் அதற்கு மயங்கலாம் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். எடிட் டூலால் அதைத் தடுக்க முடியாது, தடுப்பதாக ஆவணம் தோற்றம்கூடத் தரக்கூடாது.

எம்சிபி (மாடலோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக டூலைக் கொடுக்கிறீர்கள் என்றால் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' போன்ற குறிப்புகளை டூலோடு சேர்த்து அறிவிக்கலாம். அவை வெறும் குறிப்புகள்தான். நம்பகமான சர்வரிலிருந்து வராதவரை கிளையண்ட் அவற்றை நம்பக்கூடாது என்று அந்த ஸ்பெக்கே சொல்கிறது. குறிப்பைப் போடுங்கள், அதைப் பாதுகாப்பு அம்சம் என்று பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இனி எரர் மெசேஜ். இதைக் கோடின் ஒரு மூலை என்று நினைக்கிறார்கள், உண்மையில் மாடல் மிகக் கவனமாகப் படிக்கும் ஆவணம் இதுதான், ஏனென்றால் தவறு நடந்த அடுத்த கணமே கைக்கு வருகிறது. பழைய வரி பல இடங்களில் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'பொருத்தம் தவறு' என்று இரண்டு சொல்லோடு விட்டால் மாடல் அதே எடிட்டை இன்னொரு முறை அனுப்பும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"எடிட் நடக்கவில்லை, ஃபைல் மாறவில்லை. கொடுத்த பழைய வரிகள் 3 இடங்களில் இருக்கின்றன: வரி 41, 118, 260. மாற்ற வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் உள்ள வரிகளைச் சேர்த்து, ஒரே இடத்தில் பொருந்தும்படி மறுபடி அனுப்பு."

முதல் வாக்கியம் ஃபைலின் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது காரணத்தை, மூன்றாவது அடுத்த அடியை. 'எல்லா இடத்தையும் மாற்று' என்ற ஆப்ஷன் டூலில் இருக்கலாம், அதை இந்த மெசேஜில் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் மாடல் சுலபமான வழியைப் பிடித்து மூன்றையும் மாற்றிவிடும், அதில் இரண்டு மாறக்கூடாத இடமாக இருக்கும். அந்த ஆப்ஷன் ஸ்கீமாவில் இருந்தால் போதும், தேவைப்படும்போது மாடல் எடுத்துக்கொள்ளும்.

எழுதியபின் சின்டாக்ஸ் சரிபார்த்து, உடைந்திருந்தால் திருப்பிவிடும் வசதி உங்கள் டூலில் இருந்தால் அதையும் இதே பாணியில் சொல்லுங்கள். பிரின்ஸ்டனில் 2024-இல் வந்த எஸ்டபிள்யூஇ-ஏஜெண்ட் ஆய்வில் எடிட் கட்டளையோடு லின்டரை (கோடில் பிழை தேடும் புரோகிராமை) சேர்த்திருந்தார்கள், சின்டாக்ஸ் எரர் வந்தால் அந்த எடிட்டை ஏற்காமல் காரணத்தைக் காட்டும். லின்டரை எடுத்துவிட்டுப் பார்த்தபோது தீர்த்த பிரச்சினைகளின் விகிதம் 18 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கியது. நல்ல வசதிதான், ஆனால் மனிதருக்கான ஆவணத்தில் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். ஒன்று, எந்தெந்த மொழிக்கு இந்தச் சோதனை உண்டு, மற்ற ஃபைல்கள் சோதனை இல்லாமலே எழுதப்படுமா. இன்னொன்று, ஏற்கெனவே உடைந்திருக்கும் ஃபைலைச் சரிசெய்ய மாடல் இரண்டு எடிட் செய்ய வேண்டியிருந்தால் முதல் எடிட்டை டூல் மறுத்துவிடுமா. மறுத்தால் அந்த ஃபைலை அந்த டூலால் சரிசெய்யவே முடியாமல் போகலாம், மாடல் ஷெல்லுக்குத் தாவும்.

அளவைப் பொறுத்தவரை, மாடலுக்கான விளக்கம் ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்டில் (மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் அளவான டெக்ஸ்டில்) இடம் பிடிக்கும், அதனால் அதில் வரலாறு, வடிவமைப்புக் காரணம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். கூப்பிடும் முன் தெரிந்தே ஆக வேண்டியது விளக்கத்தில், தவறினால் மட்டும் தேவைப்படுவது எரர் மெசேஜில், ஏன் என்பது மனிதர்களுக்கான ஆவணத்தில். வரி எண் ஏன் இல்லை என்ற ஒன்றை மட்டும் மாடலுக்கும் சொல்லலாம், காரணம் தெரிந்தால் அது ஸ்கீமாவை மீறப் பார்ப்பது குறையும்.

ஆவணத்தில் 'மறுக்கும்' என்று வருகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டெஸ்ட் இருக்கட்டும், டெஸ்டின் பெயரே அந்த வாக்கியமாக இருந்தால் இன்னும் நல்லது. டெஸ்ட் எரர் வந்ததா என்று மட்டும் பார்க்காமல், ஃபைலின் பைட்டுகள் முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றினாலும் அதை வெர்ஷன் மாற்றமாகவே நடத்துங்கள், கோட் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் மாடலின் நடத்தை மாறும். அதே பழைய வேலைகளை மறுபடி ஓட்டி, 'பொருந்தவில்லை', 'பல இடத்தில் பொருந்தியது', 'ஃபைல் மாறிவிட்டது' என்ற மூன்று எரரும் கூடியதா குறைந்ததா என்று லாகில் பாருங்கள். எந்த எரர் அதிகமாக வருகிறதோ அந்த இடத்தில்தான் விளக்கம் சரியில்லை.

எங்கே தொடங்குவது என்றால், டூலின் கோடைத் திறந்து அது எரர் எறியும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு ஷீட்டில் எடுத்து எழுதுங்கள், பக்கத்தில் அந்த நேரத்தில் டிஸ்க்கில் என்ன இருக்கும் என்று நிரப்புங்கள். பாதிக்கு மேல் உடனே நிரப்பிவிடுவீர்கள். நிரப்ப முடியாமல் காலியாக நிற்கும் கட்டங்களை டூல் எழுதினவரோடு உட்கார்ந்து முடித்துவிட்டு, அப்புறம் ரீட்மீயைத் தொடுங்கள்.